கையை விடாத கவுச்சி

அத்தியாயம் 14

கதவைத் திறந்து உள்ளே வந்த செல்லத்தாய் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. மூக்கைச் சுளித்தாள். நின்ற இடத்திலேயே இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள பூனை எதுவும் புகுந்துச்சா?"

சோணைமுத்து போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் போர்வைக்குள் இருந்தன.

"பூனையா? நான் பாக்கலயே."

சாமளாபுரத்தில் தறி ஓட்டும் தங்கச்சி வீட்டில் பிள்ளைக்குக் காது குத்து. அதற்குச் சனிக்கிழமை போனவள் இன்றைக்குத்தான் முதல் பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம், ஞாயிறும் எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சோணைமுத்து காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிட்டார். "நீங்க படுங்கப்பா, உங்க டேபிளையும் நானே பாத்துக்கறேன்" என்று மகள் வேல்விழி டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் ஏறிய வேன் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, கூட்டாளி நஸ்ருதீன் வண்டியின் பின்னால் ஏறி, உடுமலை தாண்டி அமராவதி ஆற்றுக்குத் தூண்டில் போடப் போய்விட்டார்.

சாயந்தரம் வரைக்கும் வெயிலில் கிடந்த உடம்பு. வேலை முடிந்து வந்த வேல்விழி நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "இன்னும் கொதிக்குதேப்பா" என்றாள். வெயில் சூட்டைக் காய்ச்சல் என்று நம்பி ரசம் வைத்துக் கொடுத்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டே குடித்தார். கைகளில் தைலத்தை அப்பி வைத்திருந்ததால் பெண்ணுக்கு வேறு வாடை தெரியவில்லை.

ஆனால் செல்லத்தாய் மூக்கு வேறு மூக்கு.

"கைய வெளிய எடுங்க."

"குளுருது."

"எடுங்கன்னா."

அவளே போர்வையை உருவினாள். வலது கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். பட்டென்று கீழே போட்டாள்.

"தைலத்துக்கு அடியில மீனு இருக்கு. கெளுத்தியா?"

"கெளுத்தி ரெண்டுதான். மத்ததெல்லாம் ஜிலேபிக் கெண்ட."

"நான் உங்ககிட்ட கணக்கா கேட்டேன்?"

சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். இனி மறைத்துப் பலனில்லை என்று தெரிந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் வேல்விழி நெற்றியில் கை வைத்ததைச் சொல்லும்போது குரல் கம்மிப் போனது.

செல்லத்தாய் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எதுக்குப் போனீக?"

"சும்மா… ஒரு நாளு உக்காந்திருக்கணும் போல இருந்துச்சு. யாரும் என்னையக் கூப்புடாம."

அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டிங்கில் இருந்தவரைத் தோள்வலி என்று பேக்கிங்குக்கு மாற்றிய நாளிலிருந்து, நின்றது நின்றபடிதான் வேலை. காலையில் ஊன்றிய கால்தான், ராத்திரிதான் நீட்டுவது. ஆற்றங்கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தக்கை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பகல் முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நஸ்ருதீன்தான் பேசிக்கொண்டே இருந்தான்.

"உக்காந்துட்டு வந்தா உக்காந்த வாடையில்ல அடிக்கணும்?" என்றாள் செல்லத்தாய். "எந்திரிங்க. புள்ள கம்பெனிக்குப் போயிருச்சா?"

"வெள்ளனவே போயிருச்சு. இன்னைக்கி இன்ஸ்பெக்‌ஷனாச்சே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் செல்லத்தாய் முகம் மாறியது.

"அட பாவி மனுசா. அந்தத் துணியிலயா இந்தக் கைய வைக்கப் போறீக?"

வெள்ளை வெளேரென்று, பிறந்த குழந்தைக்குப் போடுகிற உடுப்பு. துணி மெத்தென்று இருக்க வேண்டும், கறை இருக்கக் கூடாது, வாடை இருக்கவே கூடாது. சரக்கை வாங்குகிற பையர் ஆபீசிலிருந்து சோதிக்க வருகிற அம்மா பெட்டியைத் திறந்ததும் துணியை மூக்கில் வைத்துத்தான் முதலில் பார்ப்பார். சரக்கு பாஸ் ஆனால் வேல்விழியைத் தரம் பார்க்கிற க்யூசி இன்சார்ஜ் ஆக்குகிறேன் என்று மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை இளங்குமரன் வீட்டார் பூ வைக்க வருகிறார்கள். 'இன்சார்ஜ் பொண்ணு' என்று சொல்லிக்கொள்ள அவர்களும் காத்திருக்கிறார்கள்.

"நான் வேணா இன்னைக்கும் லீவு போட்டுர்றேன்."

"போடுங்க. ரெண்டு நாளாக் காய்ச்சல் விடலயான்னு உங்க மக வேலைய விட்டுட்டு ஓடியாந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும். ஊசியப் போட்டுக்கிட்டு வாங்க."

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார்.

லைன் வீட்டில் ஆறு குடித்தனத்துக்கும் ஒரே குழாய். பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு நின்றாள். அவள் போகும்வரை சோணைமுத்து கைகளை வேட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"நேத்து என்னத்தப் போட்டுக் கழுவுனீக?"

"சோப்பு. அப்பறம் நஸ்ருதீன் வீட்ல பேகம் அரை எலுமிச்சம்பழம் குடுத்துச்சு. அப்பறம் இங்க வந்து சுடுதண்ணி வெச்சு…"

"சுடுதண்ணியா! அதான் உள்ள எறங்கிருச்சு. மீனு புடிச்ச கைக்குப் பச்சத்தண்ணிதான் ஊத்தணும். இது தெரியாமயா இத்தன வருசம் மீனு தின்னீக?"

புளியையும் கல் உப்பையும் சேர்த்துப் பிசைந்து அவர் உள்ளங்கையில் அப்பினாள். கரி பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு காப்பித்தூள். பிறகு பற்பசையைப் பழைய பிரஷில் வைத்து நகத்துக்கடியில் குத்திக் குத்தி எடுத்தாள்.

"இதென்ன நகத்துக்குள்ள மாவு மாதிரி?"

"தூண்டிலுக்கு இரை. மைதாவுல கருவாட்டுப் பொடியக் கலந்து உருட்டுனோம். ஜிலேபிக்கு அதான் புடிக்குமாம்."

"மீனுக்குப் புடிச்சுது. நமக்குப் புடிச்சுருச்சு."

கழுவி முடித்து மோந்து பார்த்தாள். கொஞ்சம் குறைந்திருந்தது. போகவில்லை.

கம்பெனி வேன் வருகிற நேரமாகிவிட்டது. செல்லத்தாயும் அங்கேதான் துணியில் நூல் பிசிறு வெட்டுகிறாள். கொண்டையை முடிந்துகொண்டே அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"மத்தியானத்துக்குள்ள நீங்களா அந்தப் புள்ளகிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா நல்லாருக்காது. நீங்க சொன்னா கோவிச்சுக்கும், அம்புட்டுத்தான்."

"சொல்லிர்றேன்."

"என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

அவர் கையை நீட்டினார். அவள் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். வாயால சொல்லுங்க, போதும்."

*

பேக்கிங் ஹாலுக்குள் நுழைந்ததும் சோணைமுத்து நேராகத் தன் டேபிளுக்குப் போகவில்லை. மூலையில் கறை எடுக்கிற இடம் இருக்கிறது. துணியில் எண்ணெய்க் கறை பட்டால், துப்பாக்கி மாதிரி ஒரு கன்னை வைத்து மருந்தைப் பீய்ச்சி எடுப்பார்கள். எப்பேர்ப்பட்ட கறையும் போய்விடும். கறையை எடுக்கிற மருந்து கவுச்சியை எடுக்காதா?

யாரும் இல்லாத சமயம் பார்த்துக் கன்னை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் பீய்ச்சிக்கொண்டார்.

முதலில் சில்லென்று இருந்தது. அப்புறம் தீயாய் எரிந்தது. காலையில் பிரஷ் குத்திய நகக்கண் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தது. தோல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துச் சுருங்கியது. மோந்து பார்த்தார். மருந்து நெடிக்குள்ளே மீன் அப்படியே இருந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் நாளில் போட்டுக்கொள்ள என்று வாங்கிவைத்த வெள்ளைக் கையுறைகள் ஸ்டோரில் கட்டாகக் கிடக்கும். அதில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு டேபிளுக்கு வந்தார். பாதி மூடிய பெட்டிகளைத் திறந்து, குறைகிற பீஸைப் போட்டு நிரப்பி, டேப் ஒட்டும் வேலை. முதல் பெட்டியை மூடும்போதே மேனேஜர் சென்னியப்பன் வந்துவிட்டார்.

"ஏனுங் சோணைமுத்து, காச்சல்னு சொன்னாங்க. வந்துட்டீங்களா?"

"வந்துட்டேனுங்க."

"இதென்னங்க, கைல உறையெல்லாம்?"

சோணைமுத்து டேப் உருளையைக் கையில் எடுத்தார். 'சொல்லிரு' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"காச்சக்காரன் கைங்க. கொழந்தத் துணியாச்சே… ஒட்டிக்கக் கூடாதுன்னுதானுங்க."

சென்னியப்பன் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"எல்லாரும் இங்க பாருங்க! நேத்து வரச் சொன்னா ஆயிரம் சாக்கு சொல்றீங்க. இந்த மனுசன் காச்சலோட வந்து நிக்கறாரு. அதுவும் சும்மா இல்லீங்க, எங்கயோ பொறக்கப் போற கொழந்தைக்குச் சீக்கு வந்துரக் கூடாதுன்னு கைக்கு உறை மாட்டிட்டு நிக்கறாரு. வேலைன்னா இதுங்க. தட்டுங்கப்பா கைய!"

தட்டினார்கள். அயர்ன் டேபிளில் நின்ற பீகார்க்காரப் பையன்கள் எதற்கென்று தெரியாமலே பலமாகத் தட்டினார்கள். பிசிறு வெட்டும் பெண்கள் நடுவில் செல்லத்தாய் மட்டும் கத்திரியும் கையுமாகக் குனிந்தே இருந்தாள்.

செக்கிங் டேபிளிலிருந்து வேல்விழி எட்டிப் பார்த்தாள். கண் சிவந்து, முகம் வாடியிருந்தது. இருந்தாலும் சிரித்தாள். எங்கப்பா என்கிற சிரிப்பு.

சோணைமுத்து தன் பேருக்குக் கைதட்டல் கேட்டது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. அது முடிகிறவரை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டேப் உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு மணிக்கு வேல்விழியே அவரிடம் வந்தாள். ஒரு டம்ளரில் வெந்நீர், உள்ளங்கையில் மாத்திரை.

"ஆபீஸ்ல வாங்கிட்டு வந்தேம்ப்பா. காய்ச்சலுக்கு. போட்டுக்கங்க."

"ஆத்தா…"

"என்னப்பா?"

இதுதான் நேரம். ஹாலில் பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். எதிர் வரிசையிலிருந்து செல்லத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேத்து… நீ சாப்ட்டியா?"

"நேத்து சாப்பாட்டப் பத்தி இப்ப எதுக்குக் கேக்கறீங்க?" சிரித்தாள். "ரெண்டு டேபிளையும் பாக்கறதுல டிபன் பாக்ஸத் தொறக்கவே நேரமில்லீங்கப்பா. உடுங்க. மேனேஜர் உங்களப் பத்திச் சொன்னப்ப எனக்கு அலுப்பெல்லாம் போயிருச்சு. முழுங்குங்க."

அவர் மாத்திரையை வாயில் போட்டு வெந்நீரைக் குடித்தார். இல்லாத காய்ச்சலுக்கு மாத்திரை. கசப்பு நாக்கிலேயே நின்றது. வேல்விழி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். சோணைமுத்து எதிர் வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

*

பையர் ஆபீசிலிருந்து வந்த மெஹ்ஜபின் மேடம் அதிகம் பேசவில்லை. வரிசை வரிசையாக அடுக்கியிருந்த பெட்டிகளைச் சுற்றி நடந்தார். ஒன்றைத் தொட்டுக் காட்டினார். இன்னொன்றைக் காட்டினார். இரண்டாவது பெட்டியைப் பார்த்ததும் சோணைமுத்து ஓரடி பின்னால் நகர்ந்தார். காலையில் அவர் திறந்து நிரப்பி மூடிய பெட்டி அது.

டேப்பைக் கிழித்தார்கள். மேல் அடுக்கிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, குட்டி உடுப்பை முகத்தில் வைத்தார் மெஹ்ஜபின். உடனே எடுத்துவிட்டார்.

"சார், இங்க வாங்க. மூக்கு வெச்சுப் பாருங்க."

"எனக்குச் சளிங் மேடம்" என்று சொல்லிக்கொண்டே சென்னியப்பன் வாங்கினார். மோந்தார். சளியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "என்னங்க இது, மீன் மார்க்கெட்டாட்டம்!"

அயர்ன் பாக்ஸ் மட்டும் உஸ் என்றது.

"இது யாரு கட்டின பெட்டி?"

வேல்விழி முன்னால் வந்தாள். "நான்தானுங்க சார். நேத்து கட்டினது."

"நேத்து இந்த ஹாலுக்குள்ள யாராவது மீன் கொழம்பு தின்னாங்களா?"

"இல்லீங்க சார். துணிகிட்ட யாரையும் சாப்பாட்டோட உடலீங்க."

"அப்பறம் எப்புடிங்க வரும்? வானத்துல இருந்தா?" சென்னியப்பன் குரல் ஏறியது. "உன்ன நம்பித்தான கண்ணு உட்டேன். இன்சார்ஜ் ஆக்கலாம்னு மொதலாளிகிட்டச் சண்ட போட்டுட்டு வந்திருக்கேன். பொறந்த கொழந்தைக்குப் போடற துணிய இப்புடிக் கட்டி வெச்சா நான் என்ன பதில் சொல்லட்டும்?"

இரண்டு ஆள் வேலையை ஒற்றையாளாகப் பார்த்தவள், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் தலையைக் குனிந்தாள்.

சோணைமுத்து பின்வரிசையில் நின்றார். கையுறைக்குள் கை நனைந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் இது அவரைத் தாண்டிப் போய்விடும். பெண்ணைத் திட்டுவார்கள், பெட்டிகளைப் பிரித்துத் திரும்பக் கட்டுவார்கள், இன்சார்ஜ் வேலை இந்தத் தடவை இல்லை என்பார்கள். அவ்வளவுதான். அப்படியும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்த கணத்தில் செல்லத்தாய் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பதைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் இரண்டு எட்டு முன்னால் வைத்துவிட்டார்.

"புள்ள மேல தப்பில்லீங்க. என் கைதானுங்க."

கையுறையைக் கழற்றினார். வெளுத்துச் சுருங்கி, நகக்கண் சிவந்து, அங்கங்கே புளிச் சக்கை ஒட்டிய இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னங்க சொல்றீங்க?" என்றார் சென்னியப்பன்.

"எனக்குக் காச்சல் இல்லீங்க. நேத்து மீனு புடிக்கப் போயிட்டேன், அமராவதிக்கு. எவ்வளவு தேச்சும் வாட போகல. அத மறைக்கத்தான் உறை மாட்டுனேன். இந்தப் பெட்டிய காலையில நாந்தாங்க தெறந்து நெரப்புனேன்."

யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். காலையில் கை தட்டிய பீகார்ப் பையன் பக்கத்தில் இருந்தவனிடம் "க்யா ஹுவா", என்ன ஆச்சு என்று கேட்டான். அவன் தூண்டில் இழுப்பது போலக் காட்டினான். அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை யாராலும்.

வேல்விழி சிரிக்கவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கைகளைப் பார்த்தாள். நேற்று ராத்திரி அவர் நெற்றியைத் தொட்ட தன் கையை மெல்ல மடக்கித் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

மெஹ்ஜபினுக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் சோணைமுத்து அருகில் வந்தார். "கைய இப்படிக் காட்டுங்க அண்ணே" என்றார்.

முன்பின் தெரியாத ஒரு பெண் குனிந்து அவர் கையை மோந்து பார்த்தாள். சோணைமுத்துவுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மெஹ்ஜபின் மறுபடி உடுப்பை மோந்தார். மறுபடி கையை. நெற்றியைச் சுருக்கினார்.

"இவர் இன்னிக்குத் தொடாத பெட்டி ஒண்ணு குடுங்க. அடியில இருக்கறது."

கீழே, சுவரோரம், நேற்றே டேப் ஒட்டியது ஒன்றை இழுத்தார்கள். நடு அடுக்கிலிருந்து பாக்கெட்டைப் பிரித்தார். அதே வாடை. ஸ்டோரில் மிச்சமிருந்த துணி ரோலைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு முழம் வெட்டி, அயர்ன் பாக்ஸை வைத்து அழுத்தினார். ஆவியோடு குப்பென்று கிளம்பியது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"இவர் கைல எலுமிச்சம்பழம், புளி, காப்பி, தைலம், கறை மருந்து எல்லாம் இருக்கு. மீனும் இருக்கு" என்றார் மெஹ்ஜபின். "துணில இருக்கறது மீனே இல்ல சார். துணி மெத்துனு இருக்கப் போடற மருந்தச் சரியா அலசாம காயவெச்சிருக்காங்க. சூடு பட்டு, பாக்கெட்டுக்குள்ள ஒரு ராத்திரி அடைச்சு வெச்சா இப்படித்தான் மீன் வாடை வரும். சாயப்பட்டறைல நடந்த தப்பு. கட்டினவங்க தப்பு இல்ல."

"அப்ப சோணைமுத்து கை இல்லீங்களா?"

"இல்ல."

சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். வேல்விழி பக்கம் திரும்பியபோது குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"கோவிச்சுக்காத கண்ணு. இந்தச் சரக்கு லாட்டு நிக்கட்டும், திரும்ப அலசித்தான் ஆவணும். எந்தப் பட்டறைல அலசுனாங்க, யாரு ஷிப்ட்டுல நடந்துச்சு, எல்லாம் கேட்டு நாளைக்குக் காலைல என் டேபிளுக்கு வந்தரணும். இன்சார்ஜா உனக்கு மொத வேல இதுதான்."

பிறகு சோணைமுத்துவிடம் வந்தார். கோபமே இல்லாமல், மரியாதை கொஞ்சமும் குறையாமல் பேசினார்.

"நீங்க ஒரு வாரம் ஊட்டுல இருங்க. காச்சல்னு சொன்னீங்கல்லங்க? நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க."

அவர் கழற்றிப் போட்ட கையுறையை யாரோ குச்சியால் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். மறுபடி சிரிப்பு.

சோணைமுத்துவுக்கு ஒன்று தோன்றியது. வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் இந்த அம்மாவே கண்டுபிடித்திருப்பார். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. காலையில் தட்டிய கை தட்டினபடியே இருந்திருக்கும். இவ்வளவுக்கு அப்புறமும் இப்படி ஒரு எண்ணம் வருகிறதே என்று அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

*

சாயந்தரம் வேன் நிற்கிற இடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். செல்லத்தாய் நடுவில். மற்றவர்கள் இவர்களைப் பார்ப்பதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். "அண்ணே, அடுத்த ஞாயித்துக்கெழம என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று ஒருவன் குரல் கொடுத்துவிட்டுப் போனான்.

"ஏங்கப்பா." வேல்விழி ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மீன் புடிக்கப் போறேன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்?"

அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன். அப்பவும் உங்க டேபிளை நானேதான் பாத்திருப்பேன். காலு வீங்கிச் செருப்புப் போட முடியல நேத்து. அப்பவும் ஒண்ணும் தோணலீங்கப்பா. அப்பாவுக்கு முடியலயேன்னு நெனச்சு நெனச்சுத்தான் நின்னேன்."

"தப்புதான் ஆத்தா."

"நெத்தில கை வெச்சப்ப கண்ண மூடிக்கிட்டீங்க." அவளுக்குக் குரல் உடைந்தது. "எனக்கு அதுதான் தாங்கல."

"போதும் விடு புள்ள" என்றாள் செல்லத்தாய். "எல்லாரு முன்னாடியும் ஒத்துக்கிட்டாருல்ல."

"மத்தியானம் மாத்திரையக் குடுத்தப்ப ஒத்துக்கிட்டிருக்கலாம்லம்மா. யாருமே இல்ல அப்ப."

செல்லத்தாய் மகள் தோளில் சரிந்த பையை ஏற்றிவிட்டாள்.

வேல்விழி பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். துணி ரோலில் ஒட்டியிருந்த அட்டை. வீரபாண்டிப் பக்கத்து சாயப்பட்டறை ஒன்றின் பெயர் அதில் இருந்தது. அதை அம்மாவிடம் நீட்டினாள். செல்லத்தாய்க்கு எழுத்து தெரியாது. சோணைமுத்து எட்டிப் பார்த்தார். அந்தப் பெயரைப் படித்ததும் அவருக்குப் புரிந்துபோயிற்று.

இளங்குமரன் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிற பட்டறை.

"என்னடி போட்டிருக்கு?" என்றாள் செல்லத்தாய்.

"வெள்ளிக்கிழமை பூ வைக்க வர்றவரு பட்டறைம்மா."

செல்லத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ. அந்தத் தம்பி ஷிப்ட்டுலயா?"

"தெரியல. கேக்கணும். அவருதான்னா அதையும்தான் எழுதணும்."

"கொஞ்சம் யோசிச்சுச் செய்யி புள்ள. பூ வைக்கிறது முடியட்டும். இல்ல வேற யாரையாச்சும் விட்டு எழுதச் சொல்லேன்."

சின்ன விஷயத்துக்கெல்லாம் வேல்விழி அப்பாவிடம்தான் கேட்பாள். சுடிதார் நிறத்திலிருந்து இந்தச் சம்பந்தம் வரைக்கும். சோணைமுத்து பதில் சொல்லத் தயாராக நிமிர்ந்தார். உண்மையை எழுது ஆத்தா என்று சொல்ல நினைத்தார். அந்த வார்த்தையைச் சொல்லத் தனக்கு வாய் இருக்கிறதா என்றும் நினைத்தார்.

அவள் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்பக்கம் போனாள். பேசுவது இவர்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். கேட்டது.

"நாந்தாங்க பேசறேன்… இல்லீங்க, கல்யாண விசயம் இல்லீங்க. எங்க கம்பெனி வெள்ளத் துணி உங்ககிட்ட அலசினாங்கல்ல, அந்த ஷிப்ட்டுல யாருங்க இருந்தது?"

வேல்விழி காத்துக்கொண்டிருந்தாள்.

"எது வேணா சொல்லுங்க, பொய் மட்டும் சொல்லாதீங்க. அத இன்னைக்கு ஒருத்தர்கிட்டக் கேட்டாச்சு. எனக்கு அதுவே போதும்."

செல்லத்தாய் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் அங்கே நின்றதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வேனுக்குள் ஏறிக் கடைசி சீட்டில், ஜன்னலோரம், யாரும் பக்கத்தில் உட்கார முடியாதபடி மூலையில் ஒடுங்கினார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். ஒவ்வொருவராக ஏறினார்கள். செல்லத்தாய் படியில் ஒரு காலை வைத்தபடி மகளைக் கூப்பிட்டாள்.

வேல்விழி போனைக் காதிலிருந்து எடுக்காமல், நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினாள். இளங்குமரன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது. "அப்ப உங்க ஷிப்ட்டுதானுங்களா?" என்று அவள் கேட்டது வேன் வரைக்கும் கேட்டது.